தனக்கு மட்டும் நேர்ந்ததை யாரிடம் கேட்பது?

மனிதருக்கு நேரும் வழக்கத்துக்கு மாறான அனுபவங்களில் பலர் கூடிப் பார்ப்பவை ஒரு வகை, ஒருவருக்கு மட்டுமே நேர்பவை மற்றொரு வகை. முதல் வகைக்கு விளக்கம் கிடைப்பது எளிது, இரண்டாம் வகைக்கோ விளக்கம் கேட்பதற்கே துணிவு வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரியின் கரையில் உள்ள தோணிரேவு போன்ற மீனவ ஊர்கள் முதல் வகைக்கு நன்கு பழகியவை. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து ராக்கெட் எழும் இரவுகளில் வானமும் நீரும் ஒருசேரச் சிவப்பதையும், முழக்கம் சிறிது நேரம் கழித்தே கரைக்கு வந்து சேர்வதையும் இவ்வூர்களின் பிள்ளைகள் சிறுவயதிலிருந்தே அறிவார்கள். 2019 ஆகஸ்டிலும் 2024 அக்டோபரிலும் சென்னைக் கடற்கரைகளில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தபோது, அது நாக்டிலூகா எனப்படும் நுண்ணுயிரி அசைவினால் தூண்டப்பட்டு உமிழும் ஒளி என்ற செய்தி ஒரே இரவில் கைபேசிகளில் பரவிவிட்டது. ஆயிரம் பேர் பார்த்த ஒன்றைப் பற்றிக் கேட்பவரை எவரும் ஐயத்தோடு நோக்குவதில்லை.

உறக்கத்தில் நெஞ்சின்மீது ஏதோ ஏறி அழுத்துவது, ஆளில்லாத வீட்டில் பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்பது, இறந்துபோனவர் வாசலில் நிற்பதாகத் தெரிவது ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்குச் சாட்சி கிடையாது. சொன்னால் காத்து கருப்பு அடித்துவிட்டது என்பார்கள், அல்லது மூளை கலங்கிவிட்டது என்பார்கள். இரண்டில் எந்தப் பேச்சு தெருவில் பரவினாலும் அது அந்த வீட்டுப் பெண்ணின் திருமணப் பேச்சுவரை சென்று நிற்கும். எனவே அம்மன் கோயிலில் குறி கேட்பதும், பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீரை வாங்கி வருவதும், பழவேற்காட்டின் மகிமை மாதா ஆலயத்தில் மன்றாடுவதும் எனக் கடற்கரை மக்கள் காலங்காலமாக வைத்திருந்த வழிகளோடு இப்போது இன்னொரு வழியும் சேர்ந்திருக்கிறது. கையில் உள்ள திறன்பேசியில், எழுத வராதவர்கூடக் குரலாலேயே கேட்டு, செயற்கை நுண்ணறிவு உரையாடு செயலியிடமோ, அதே அனுபவம் நேர்ந்தவர்கள் உலகெங்குமிருந்து கூடும் இணையக் குழுக்களிலோ விடை தேட முடிகிறது. செயலி தெருவில் போய்ச் சொல்லாது, சிரிக்காது, நள்ளிரவில் கேட்டாலும் பதில் தரும். இந்த ஈர்ப்பை அறியாமை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. ஊர் தராத ஒன்றை அது தருகிறது.

தருவது எவ்வளவு பயனுள்ளது என்பதற்குத் தமிழர் அமுக்குவான் பேய் என்று அழைக்கும் அனுபவமே தக்க சான்று. விழிப்பு வந்துவிடுகிறது, கூரையும் சுவரும் தெரிகின்றன, ஆனால் கை கால் அசையவில்லை, கத்த வாய் வரவில்லை, அறைக்குள் வேறொருவர் இருப்பது உறுதியாகத் தெரிகிறது, அவர் நெஞ்சின்மேல் அமர்ந்து மூச்சை நெரிக்கிறார். சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ எல்லாம் விலகிவிடுகிறது. மருத்துவம் இதை உறக்க முடக்கம் என்கிறது. உறக்கத்தில் கண்விழிகள் விரைந்து உருண்டு கனவுகள் மிகுதியாக வரும் ஒரு கட்டம் உண்டு. கனவில் ஓடுபவர் படுக்கையிலும் எழுந்து ஓடிவிடாதபடி அந்தக் கட்டத்தில் மூளைத்தண்டு உடல் தசைகளைத் தளர்த்திப் பூட்டிவைக்கிறது. பூட்டு திறக்குமுன் நினைவு விழித்துக்கொண்டால் கனவின் காட்சி விழித்த அறைக்குள் தொடர்கிறது. உதரவிதானம் மட்டும் தானாக இயங்கிக்கொண்டிருப்பதால் மூச்சு நிற்பதில்லை. ஆனால் அச்சத்தில் ஆழமாக மூச்சிழுக்க முயலும்போது மார்புத் தசைகள் ஒத்துழைக்காமல் போவதே யாரோ அழுத்துவது போன்ற உணர்வாகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான மதிப்பீட்டின்படி, பொதுமக்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆளாகின்றனர். உறக்கம் ஒழுங்கற்ற மாணவரிடையே அது நூற்றுக்கு 28 பேர் என்ற அளவுக்கு உயர்கிறது.

உறக்கக் குறைவு, தூங்கும் நேரம் நாளுக்கு நாள் மாறுவது, மல்லாந்து படுப்பது ஆகியவை இதைத் தூண்டும் என்பது அறியப்பட்டது. இந்தப் பட்டியல் ஏரி மீனவரின் வாழ்வை அப்படியே வரைந்து காட்டுகிறது. பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை உண்டு. வலை கட்டும் இடங்களைச் சீட்டுப்போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் அந்த ஏற்பாட்டில், முறை வரும் இரவைத் தவறவிட்டால் வருமானம் போய்விடும். பாடு இல்லாதவர்க்கும் நீரோட்டமும் நிலவும் இறால் வரத்துமே வேலை நேரத்தை விதிக்கின்றன. ஒருநாள் நள்ளிரவில் எழுந்து, மறுநாள் பகலில் உறங்கி, படகின் பலகையில் மல்லாந்து கண்ணயரும் ஒருவருக்கு அமுக்குவான் வருவதில் வியப்பில்லை. வடஅமெரிக்காவின் கிழக்கோரத் தீவான நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி ஒருத்தி வந்து நெஞ்சில் ஏறுவதாக மக்கள் சொல்லிவந்ததை ஆராய்ந்த டேவிட் ஹஃப்போர்டு, 1982இல் வெளியிட்ட நூலில், அந்தக் கதையைக் கேள்விப்படாதவர்களும் அதே அனுபவத்தை அதே விவரங்களோடு சொல்வதைக் காட்டினார். அதாவது கதை அனுபவத்தை உண்டாக்கவில்லை; அனுபவம் முன்னதாக இருந்து, ஒவ்வோர் ஊரும் தன் கதையை அதற்கு அணிவித்தது. அந்தத் தீவும் மீனவர் வாழும் தீவே என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இந்த விளக்கத்தைச் செயலி சில நொடிகளில் தந்துவிடும். பெரும்பாலும் சரியாகவே தரும். பரிகாரத்துக்கென வட்டிக்கு வாங்கும் பணம் மிஞ்சும், அச்சமும் தணியும். இணையக் குழுக்களின் நற்பயனுக்கும் இதைப் போன்ற சான்றுகள் உண்டு. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக நரம்பியலாளர் ஆடம் ஸீமன், மனக்கண்ணில் உருவங்களைக் காணும் ஆற்றலை இழந்த ஒருவரைப் பற்றி 2010இல் ஆய்வுரை வெளியிட, அதைப் பற்றிய இதழ்க் கட்டுரையைப் படித்த இருபதுக்கு மேற்பட்டோர், தங்களுக்குப் பிறவியிலிருந்தே அந்த ஆற்றல் இல்லை என்று அவருக்கு எழுதினர். தாயின் முகத்தை நினைத்துப் பார் என்றால் மற்றவர்கள் உண்மையிலேயே ஒரு முகத்தைக் காண்கிறார்கள் என்பதை அவர்களில் பலர் வளர்ந்த பிறகே அறிந்தனர். 2015இல் அந்நிலைக்கு ஸீமன் அஃபான்டேசியா எனப் பெயரிட்டார். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். அதற்கும் முன்னரே, நெதர்லாந்தில் குரல்கள் கேட்கும் பாட்ஸி ஹாகே என்ற பெண், தன் மருத்துவரான மாரியஸ் ரோமிடம் அந்தக் குரல்களைப் பற்றியே பேசவேண்டும் என்று வற்புறுத்தியதன் விளைவாக, இருவரும் 1987இல் தொலைக்காட்சியில் தோன்றி அழைப்பு விடுத்தனர். குரல் கேட்கும் நூற்றுக்கணக்கானோர் அதற்கு மறுமொழி அளித்தனர். அவர்களில் கணிசமானோர் மருத்துவ உதவியின்றியே அக்குரல்களோடு வாழப் பழகியிருந்தனர் என்பது உளமருத்துவத்துக்கே புதுச் செய்தியாக இருந்தது.

இந்த இரண்டு நிகழ்வுகளிலும் அனுபவித்தவர்களின் கூட்டம் ஒரு பக்கமும், சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் மறுபக்கமும் இருந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த மறுபக்கம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு மார்கெலான்ஸ் எடுத்துக்காட்டு. தோலுக்கடியிலிருந்து இழைகள் வெளிவருவதாகவும் ஏதோ ஊர்வதாகவும் உணர்ந்தவர்கள் 2002க்குப் பிறகு அமெரிக்காவில் இணையத்தின் வழியே திரண்டு, அது மருத்துவர்கள் மறைக்கும் புதுத் தொற்றுநோய் என்ற முடிவுக்கு வந்தனர். அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் வடக்குக் கலிபோர்னியாவில் 115 பேரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட அறிக்கையில் தொற்று எதுவும் காணப்படவில்லை; இழைகளில் பெரும்பாலானவை ஆடைப் பருத்தி என்று தெரிந்தது. அவர்கள் பட்ட துன்பம் பொய்யன்று. ஒரே கதையை ஒருவர்க்கொருவர் உறுதிசெய்துகொண்டே இருக்கும் இடத்தில் அந்தத் துன்பத்துக்கு மருந்து கிடைப்பதற்கான வாயில்தான் அடைபட்டது.

உரையாடு செயலியின் இயல்பு இதைவிட நுட்பமானது. மனிதர்கள் எழுதிக் குவித்த பேரளவு உரைகளிலிருந்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதைக் கற்றுக்கொண்ட கணக்கீடே அது. பின்னர் மனிதர்கள் விரும்பிய பதில்களை நோக்கி அது மேலும் பழக்கப்படுத்தப்படுகிறது. ஆகவே கேட்பவர் எந்தப் பக்கம் சாய்ந்து கேட்கிறாரோ அந்தப் பக்கமே பதிலும் சாயும் போக்கு அதன் வளர்ப்பிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டார் தன்னைக் கண்காணிப்பதாக ஒருவர் சொன்னால், சோதித்தறியும் வழியில்லாத செயலி, அவர் சொன்னதையே அடித்தளமாகக் கொண்டு அடுத்த தளத்தைக் கட்டத் தொடங்கிவிடலாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2025 ஏப்ரலில், பயனர் சொல்வதற்கெல்லாம் அளவுமீறித் தலையாட்டுகிறது என்று ஒப்புக்கொண்டு ஒரு புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கின் உளமருத்துவர் சோரன் ஓஸ்டர்கார்டு, மனப்பிறழ்வுக்கு எளிதில் ஆளாகக்கூடியவரிடம் இத்தகைய செயலிகள் மருட்சியை வளர்க்கக்கூடும் என்று 2023இலேயே மருத்துவ இதழில் எச்சரித்திருந்தார். 2025 அக்டோபரில் அதே நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டில், ஒரு வாரத்தில் தன் செயலியைப் பயன்படுத்துவோரில் 0.07 விழுக்காட்டினரிடம் மனப்பிறழ்வு அல்லது மிகைக் கிளர்ச்சியின் அறிகுறிகள் தென்படுவதாகக் கூறப்பட்டது. வாரந்தோறும் 80 கோடிப் பேர் என்ற கணக்கில் இந்தச் சிறு பின்னம் 5 லட்சத்து 60 ஆயிரம் பேராகிறது. பொன்னேரி போன்ற பல நகரங்களை நிரப்பும் எண்ணிக்கை அது.

இவ்வளவு சொன்ன பின்னும், செயலி தவறான விடை தருகிறது என்பதை முதன்மைக் குறையாகக் கொள்ள முடியாது. காலப்போக்கில் அது மேலும் சரியான விடைகளைத் தரக்கூடும். அடிப்படையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. விந்தையான அனுபவம் ஒன்றின் காரணம் பெரும்பாலும் அந்த அனுபவத்துக்குள் இருப்பதில்லை. அனுபவித்தவரைச் சுற்றியுள்ள வாழ்க்கையில், அவர் சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்ட ஒரு சிறு செய்தியில் இருக்கிறது. கேட்பவர் தட்டச்சிட்டது மட்டுமே செயலிக்குத் தெரியும். விடுபட்ட செய்தியோ பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கும் அடுப்படியில் நிற்கும் தாய்க்கும் தெரிந்திருக்கும்.

பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்துவந்த ஒருவர், கோயிலுக்கு மாலை போட்டோ தவக்காலத்தை முன்னிட்டோ குடியை ஒரேயடியாக நிறுத்துகிறார் என்று கொள்வோம். முதல் நாள் கை நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் சுவரில் பூச்சிகள் ஊர்வதும், வலைக்குள் பாம்பு நெளிவதும், யாரோ வெளியிலிருந்து மிரட்டுவதும் அவருக்குத் தெளிவாகத் தோன்றக்கூடும். மதுவிலக நடுக்குப்பிறழ்வு என்று கூறத்தக்க இந்நிலை, மருத்துவம் செய்யாவிட்டால் உயிரைப் பறிக்க வல்லது. மருத்துவமனையில் சில நாட்கள் தக்க மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கிடைத்தால் பெரும்பாலும் முற்றிலும் தெளிந்துவிடும். மாலை போட்ட புனித நாட்களில் இது நேர்வதால், தெய்வக்குற்றம் என்று ஊர் நினைப்பது இயல்பு. தன்னைப் பாம்புகள் சூழ்ந்திருப்பதைப் பற்றிச் செயலியிடம் கேட்பவர், தான் குடியை விட்டதைக் குறிப்பிடவே மாட்டார். அது அவருக்கு நல்ல செய்தி, கேள்வியோடு தொடர்பில்லாத செய்தி. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் தொடங்கி மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது தென்னிந்திய மருத்துவமனைகளுக்கு இத்தகைய நோயாளிகள் கூடுதலாக வந்து சேர்ந்தனர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

கண்புரை முற்றிய மூதாட்டி ஒருவர், மாலை வேளைகளில் வண்ண உடையணிந்த சிறு பிள்ளைகள் திண்ணையில் வந்து ஓசையின்றி நிற்பதாகச் சொல்வதும் இதே போன்றது. பார்வை குறையும்போது, கண்ணிலிருந்து செய்தி வராத மூளைப்பகுதி தானே காட்சிகளைப் புனைந்துகொள்ளும். தன் பாட்டனாருக்கு நேர்ந்த இத்தகைய காட்சிகளை 1760இல் பதிவுசெய்த சுவிட்சர்லாந்து இயற்கையறிஞர் சார்ல் போனேயின் பெயரால் இந்நிலை அழைக்கப்படுகிறது. அந்த மூதாட்டிக்குத் தேவை கண்புரை அறுவை, மந்திரிப்பு அன்று. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி இரண்டு மூன்று இரவுகள் கண்மூடாமல், குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசத் தொடங்கினால் அது ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில் நேரும் பேற்றுக்காலப் பிறழ்வாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை சேரவேண்டிய அவசரம் அது. இந்த இரு நிலைகளிலும் புரை முற்றியதையும் பேறு நடந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் அறிந்தவர் வீட்டில் இருக்கிறார். அவற்றின் பொருளை அறிந்தவர்தான் அங்கே இல்லை.

நோயே இல்லாத அனுபவங்களும் உண்டு; அவற்றுக்கு நோயின் பெயரைச் சூட்டுவதும் தீங்கே. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 ஆண், பெண்களை நேரில் கண்டு பேசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தவரின் இருப்பை உணர்ந்தோ, குரலைக் கேட்டோ, உருவைக் கண்டோ இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. கடலில் போனவரின் உடல் கிடைக்காத குடும்பங்களில் இதற்கு இன்னும் ஆழமான காரணம் உண்டு. இழந்தவர் இருக்கிறாரா இல்லையா என்று துணிய முடியாத இழப்பை அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் தெளிவற்ற இழப்பு என்று விளக்கினார். ஏழு ஆண்டுகள் செய்தியில்லாதவரையே இறந்தவராகக் கருதலாம் என்ற சட்ட விதியின் கீழ், 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலுக்குப் பின் குமரி மாவட்டக் கடலோரக் குடும்பங்கள் அடைந்த துன்பத்தைத் தமிழகம் கண்ணெதிரே கண்டது. அத்தகைய வீட்டில் கதவு தட்டும் ஓசை கேட்டு எழுந்து போகும் பெண்ணுக்கு நோய்ப்பெயர் எதுவும் வேண்டியதில்லை.

பெயரிடுவது அனுபவத்தையே மாற்றிவிடும் என்பதற்கும் சென்னையிலிருந்தே சான்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் தான்யா லூர்மன், மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபின் மருத்துவர்களோடு சேர்ந்து செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. மனப்பிறழ்வு நோயோடு குரல் கேட்போர் சென்னையில் 20 பேர், அமெரிக்காவின் சான் மாட்டியோவில் 20 பேர், கானா நாட்டின் அக்ராவில் 20 பேர் என அதில் நேர்காணப்பட்டனர். அமெரிக்கர்கள் தங்கள் நிலையை நோய்ப்பெயர்களால் எளிதாக விவரித்தனர். அவர்களுக்குக் கேட்ட குரல்கள் பெரும்பாலும் அந்நியருடையவை, வன்முறை மிக்கவை. சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு உறவினர் குரல்களே கேட்டன. குளி, சமை, வீட்டைப் பார் என்று அவை பெரியவர்கள் கண்டிப்பது போலக் கண்டித்தன. இன்றைய செயலிகள் கற்ற உரைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில், மேலைநாட்டார் எழுதியவை. சென்னையிலோ பழவேற்காட்டிலோ தமிழில் கேட்பவருக்கும் அந்த உரைகளின் அச்சங்களும் வகைப்பாடுகளும் தமிழ்ச் சொல்லணிந்து வந்து சேரக்கூடும். பாட்டியின் அதட்டலாக ஒருவர் ஏற்று வாழ்ந்துகொண்டிருந்த குரலை ஊடுருவல் என்று அஞ்சத் தொடங்கினால், அந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறாது.

அப்படியானால் பழைய வழிகளுக்கே திரும்பலாமா என்றால், தமிழகத்தின் அனுபவம் இரு முகங்களையும் காட்டியிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராம் முதலானோர், வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையில், சராசரியாக ஆறு வாரத் தங்கலுக்குப் பின் நோயின் கடுமை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்ததாகக் கூறினர். மருந்துகள் பல தரும் பயனுக்கு அது குறைந்ததன்று. அங்கே சிறப்புச் சடங்கு எதுவும் இல்லை. உடன் ஓர் உறவினர் தங்கினார், கோயிலில் சிறு வேலைகள் செய்ய வேண்டியிருந்தது, எவரும் அவர்களை இழிவாக நடத்தவில்லை. அதற்கு ஓராண்டு முன்புதான், 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், ஏர்வாடி தர்காவை நாடி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பியோட இயலாத 28 பேர் கருகி மாண்டனர். உடனிருத்தல் குணமாக்கியது, உறவுகள் விட்டுச்சென்ற பின் எஞ்சிய சங்கிலி கொன்றது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சங்கிலியிடுவதைத் தடைசெய்துவிட்டது. உடனிருப்பதற்கு ஆள் தருவது சட்டத்தால் மட்டும் ஆகிற காரியமன்று.

ஆகவே செயலியிடம் கேட்காதே என்று தடுப்பதில் பயனில்லை. கேட்டபின் அது யாரிடம் அனுப்பிவைக்கிறது என்பதே அதை மதிப்பிடும் அளவுகோலாக வேண்டும். தூக்கம், காய்ச்சல், குடி, புதிய மருந்து, அண்மையில் நேர்ந்த பிறப்பு இறப்பு ஆகியவற்றைக் கேட்டறியாமல் விளக்கம் சொல்லும் செயலி, எவ்வளவு அழகாகத் தமிழ் பேசினாலும், பொறுப்பற்றது. தன்னையோ பிறரையோ தாக்கும்படி குரல் ஏவுகிறது என்று கேட்பவர் சொன்ன மறுகணம் பேச்சை நீட்டாமல், நாடு முழுவதும் 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை அது தர வேண்டும். தமிழ்நாட்டில் நட்புடன் உங்களோடு என்ற பெயரில் இயங்கும் இந்தச் சேவையில், கட்டணமின்றி, எந்நேரமும், தமிழிலேயே பயிற்சி பெற்ற மனிதர் பேசுவார். தமிழில் செயலிகளை விற்கும் நிறுவனங்களிடம் அரசு இதை நிபந்தனையாகவே வைக்கலாம்.

மறுமுனையில், ஊருக்குள் ஏற்கெனவே நடந்து வரும் ஒருவர் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து மாத்திரை கொடுக்க வீட்டுக்கே வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர், எந்த வீட்டில் யார் குடிப்பார், யாருக்குப் பார்வை மங்கியது, எந்த வீட்டில் மகப்பேறு நடந்தது, யார் கடலிலிருந்து திரும்பவில்லை என்பதைக் கேட்காமலேயே அறிவார். தூக்கம் எப்படி இருக்கிறது, குடியை அண்மையில் நிறுத்தினாரா, சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருப்பது ஏதும் உண்டா என்ற மூன்று கேள்விகளைத் தாழ்ந்த குரலில் கேட்கவும், கேட்டதைத் தெருவில் கொட்டாமல் காக்கவும் அவருக்குச் சில நாள் பயிற்சி போதும். அடுத்த முறை மாத்திரை கொடுக்க வரும்போது அவர் மறுபடியும் கேட்பார் என்பதே இதில் உள்ள சிறப்பு. நோய் வளர்கிறதா தணிகிறதா என்பதை இரண்டாம் முறை பார்ப்பவரால்தான் சொல்ல முடியும். விடைகளைக் குறித்துக்கொள்ள அவருடைய பதிவேட்டில் ஒரு பக்கமும், கடுமையானவற்றைப் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாகப் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருக்கும் அன்றே எட்டச் செய்யும் ஏற்பாடும் வேண்டும். புதிய கட்டடமோ புதிய பணியிடமோ இதற்குத் தேவையில்லை. தோணிரேவிலும் அதைச் சூழ்ந்த ஏரிக்கரை ஊர்களிலும் அடுத்த மாத்திரைச் சுற்றிலேயே தொடங்கிவிடலாம்.